சொல்லப்படாத நாட்களின் கணக்கு

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வைத்தியரைப் பார்க்க வரும் ஒரு நோயாளியிடம், "இந்த மூன்று மாதமாக உடம்பு எப்படி இருந்தது?" என்று கேட்டால், அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பெரும்பாலும் "பரவாயில்லை, டாக்டர்" என்றுதான் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்குள் தொண்ணூறு நாட்கள் மறைந்துபோகின்றன. எந்த இரவில் முழங்கால் தூங்கவிடாமல் குடைந்தது, எந்தக் காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாமல் போயிற்று, மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்பவையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வருவதேயில்லை. இது ஞாபகசக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. மனித மனம் வேதனையை நினைவில் வைத்துக்கொள்ளும் விதமே அப்படி. மிகக் கொடிய நாள் நிற்கும், கடைசியாகக் கழிந்த நாள் நிற்கும், நடுவிலுள்ளவை கரைந்துவிடும்.

அரிவாள் செல் நோய் என்னும் பரம்பரை ரத்த நோயோடு வாழும் வயது வந்தவர்களுக்கு இந்த மறதியால் விளையும் நஷ்டம் சாமானியமானதன்று. அவர்களுடைய நோயின் பெரும்பகுதி, எவர் கண்ணிலும் படாமல், வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதை உள்ளபடி எழுதிவைக்கவும், மருந்தை வேளை தவறாமல் நினைவூட்டவும் கைப்பேசியைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக, முக்கியமாக அமெரிக்காவில், செயலிகளாக உருப்பெற்று வருகிறது. அந்தச் செயலிகள் எவ்வளவு தூரம் உதவும், எங்கே நின்றுவிடும் என்பதை அறிய, முதலில் நோயின் சுபாவத்தை அறிய வேண்டும்.

நோயின் மூலம் மிகச் சிறியது. நம் ரத்தத்தின் ஒவ்வொரு சிவப்பணுவுக்குள்ளும் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருங்கி நிறைந்திருக்கின்றன. நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு போய்ச் சரீரத்தின் ஒவ்வொரு மூலையிலும் இறக்கிவிட்டு வருவது அவற்றின் தொழில். 1949-ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும், இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் நகரும் விதமே மற்றவர்களுடையதினின்று வேறுபடுகிறது என்று காட்டி, ஒரு நோயின் காரணத்தை ஒரு மூலக்கூறினிடத்தில் முதன்முதலாகச் சுட்டினார்கள். 1957-ல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் இன்னும் நெருங்கிச் சென்று, 146 அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் கோத்திருக்கும் பீட்டாச் சங்கிலியில் ஆறாவது மணி ஒன்று மட்டும் மாறியிருப்பதை, அதாவது குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருப்பதைக் கண்டறிந்தார். இந்தப் பிழை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தவருக்கு நோய் உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருந்து, அதைத் தம் சந்ததிக்குக் கடத்தக்கூடியவராகிறார்.

பிராணவாயுவை இறக்கிவிட்டதும், மாறுபட்ட இந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகத் திரள்கின்றன. தன்னைக் காட்டிலும் குறுகலான நுண்நாளத்துக்குள்ளும் நெளிந்து நுழைந்து போக வேண்டிய சிவப்பணு, அந்த நார்களால் விறைத்து, அரிவாள்போல் வளைந்து, வழியை அடைத்துக்கொள்கிறது. அடைப்புக்கு அப்பால் இருக்கும் எலும்பும் தசையும் பிராணவாயு இன்றித் தவிக்கும் தவிப்பே வலியாக வெளிப்படுகிறது. இதில் நான் மிகவும் வியந்து படித்த பகுதி ஒன்று உண்டு. 1970களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் வில்லியம் ஈட்டன், ஜேம்ஸ் ஹோஃப்ரிக்டர் முதலியோர் கண்டது யாதெனில், இந்த நார்கள் எடுத்த எடுப்பில் உண்டாவதில்லை. அதற்கு முன் ஒரு சிறு தாமதம் இருக்கிறது. அந்தத் தாமதம் முடிவதற்குள் அணு நுண்நாளத்தைக் கடந்து பெருநாளத்தை அடைந்துவிட்டால், நுரையீரலுக்குப் போய் மறுபடியும் பிராணவாயுவைப் பெற்றுப் பிழைத்துக்கொள்ளும். தாமதத்தின் நீளமோ, அணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. செறிவு சிறிதே ஏறினாலும் தாமதம் பன்மடங்கு சுருங்கிவிடுகிறது.

உடம்பில் நீர் வற்றினால் அந்தச் செறிவு ஏறும். போதாக்குறைக்கு இந்நோய் சிறுநீரகத்தையும் பாதித்து, சிறுநீரைச் சுண்டவைத்து நீரைச் சேமிக்கும் அதன் சக்தியைக் குறைத்துவிடுவதால், பிறர் எளிதாகத் தாங்கும் தாகத்தை இவர்களால் தாங்க முடிவதில்லை. ஆகவே ஒரு செயலி மணியடித்துத் "தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்வதைக் கண்டு, இதற்கு ஒரு கைப்பேசி வேண்டுமா என்று நினைத்துவிடக் கூடாது. குடிக்கும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீரும், கோடானுகோடி அணுக்களுக்குக் கணப்பொழுதிலும் சிறிய ஓர் அவகாசத்தை நீட்டிக் கொடுக்கிறது. அந்த அவகாசத்தில்தான் அவை தப்பிக்கின்றன.

ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தும் இதே அவகாசத்தை வேறொரு வழியில் நீட்டுகிறது. 1948-ல் ஜேனட் வாட்சன் என்ற நியூயார்க் குழந்தை வைத்தியர், இந்நோயோடு பிறந்த சிசுக்கள் முதல் சில மாதங்களுக்கு உபாதை இன்றி இருப்பதைக் கவனித்து, கருவிலிருந்தே அவர்களிடம் மிஞ்சியிருக்கும் சிசு ஹீமோகுளோபினே அவர்களைக் காக்கிறதென்று அனுமானித்தார். ஹைட்ராக்சியூரியா, வளர்ந்தவர்களின் ரத்தத்திலும் அந்தச் சிசு ஹீமோகுளோபினை மறுபடியும் பெருகச் செய்கிறது. அது கலந்திருக்கும் அணுவில் நார்கள் எளிதில் திரள்வதில்லை. 1995-ல் வெளியான, 299 வயது வந்த நோயாளிகளைக் கொண்ட ஒரு பரிசோதனையில், கடும் வலித் தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 1998-ல் அமெரிக்க அரசு இம்மருந்தை வயது வந்தவர்களுக்கு அங்கீகரித்தது.

இவ்வளவு பயனுள்ள மருந்தை நோயாளிகள் ஏன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்ற கேள்விக்குச் சோம்பல் என்று விடை சொல்வது அநியாயம். தலைவலி மாத்திரை போட்டால் அரைமணியில் தெரியும். ஹைட்ராக்சியூரியாவைச் சாப்பிட்ட அன்றும் ஒன்றும் தெரியாது, விட்ட அன்றும் ஒன்றும் தெரியாது. தினந்தோறும் விடாமல் சாப்பிட்டு வந்தால், சில மாதங்கள் கழிந்த பின்பே பலன் காணும். பலனும் என்ன? வராமற்போன வலி. வராத ஒன்றை எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மறுநாளும் மாத்திரையை எடுப்பது எவருக்கும் கடினமே. அமெரிக்காவில் ஜேன் ஹேன்கின்ஸ் முதலிய வைத்தியர்கள் உருவாக்கிப் பல மையங்களில் சோதித்த "இன்சார்ஜ் ஹெல்த்" என்ற செயலி இந்தக் கஷ்டத்தை நன்றாகப் புரிந்துகொண்டு எழுந்தது. மறதி, ஊக்கமின்மை, மருந்தைப் பற்றிய அறியாமை என்ற மூன்று தடைகளையும் ஒருங்கே நீக்குவது அதன் நோக்கம். இதே முயற்சியில், மருந்தை எழுதித் தர வேண்டிய வைத்தியர்களுக்கும் தனியாக ஒரு செயலி செய்தார்கள். பலருக்கு அந்த மருந்து சிபாரிசு செய்யப்படுவதே இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். குற்றம் முழுவதையும் நோயாளியின் தலையில் சுமத்தாத அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

மருந்து நினைவூட்டுவது செயலியின் ஒரு தொழில். அதைவிடப் பெரிதென்று எனக்குப் படுவது, சாட்சி சொல்லும் தொழில்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், வாலி ஸ்மித் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும், 16 வயதும் அதற்கு மேலும் ஆன 232 நோயாளிகளிடம் நாட்குறிப்புத் தாள்களைக் கொடுத்து, ஆறு மாதம் வரை தினந்தோறும் வலி இருந்ததா, எவ்வளவு இருந்தது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று எழுதிவரச் சொன்னார்கள். 2008-ல் முடிவு வெளியாயிற்று. எழுதப்பட்ட நாட்கள் மொத்தம் 31,017. அவற்றுள் நூற்றுக்கு 54.5 நாட்களில் வலி இருந்தது. ஆனால் அந்த வலிக்காக ஆஸ்பத்திரிக்கோ வைத்தியரிடமோ போன நாட்கள் நூற்றுக்கு 3.5 மட்டுமே. அதுவரை அரிவாள் செல் நோயின் வலி என்றால், திடீரென்று தாக்கி, அவசரப் பிரிவில் சேர்த்து, சில நாட்களில் தணிந்துபோகும் ஒன்றென்றே பெரும்பாலான வைத்தியர்கள் எண்ணியிருந்தார்கள். அவர்கள் பார்த்தது அந்த மூன்றரை நாளை. மற்ற நாட்களில் மனிதர்கள் வலியோடு சமைத்தார்கள், வலியோடு வேலைக்குப் போனார்கள், வலியோடு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், பார்த்தவர் இல்லை.

காகிதத்தில் எழுதிவருவதே போதுமல்லவா, கைப்பேசி எதற்கு என்ற சந்தேகம் நியாயமானது. 2002-ல் ஆர்தர் ஸ்டோன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதற்கு விடை கண்ட விதம் மிகவும் யுக்தியுள்ளது. நீடித்த வலியால் வருந்தும் 80 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்குக் காகித நாட்குறிப்பையும் மற்றவர்களுக்கு மின்னணு நாட்குறிப்பையும் கொடுத்தார்கள். காகிதத்தைச் செருகியிருந்த கோப்பில், வெளிச்சம் படுவதை உணரும் சிறு கருவி ஒன்று ஒளிந்திருந்தது. கோப்பு எப்போது திறக்கப்பட்டது, எப்போது மூடப்பட்டது என்பதை அது குறித்துக்கொண்டே வந்தது. காகிதக்காரர்கள் ஒப்படைத்த தாள்களின்படி, எழுத வேண்டிய வேளைகளில் நூற்றுக்கு 90 வேளை எழுதியிருந்தார்கள். கருவியின் கணக்கோ 11 என்றது. கோப்பே திறக்கப்படாத நாட்களுக்குக்கூடக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. மின்னணு நாட்குறிப்பு வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 94 வேளை உரிய நேரத்தில் பதிந்திருந்தார்கள். காகிதக்காரர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்புக்கொண்ட காரியத்தை முடித்துக் கொடுக்க வேண்டுமே என்ற கூச்சத்தில், நினைவைத் துழாவிப் பின்னால் நிரப்பியிருப்பார்கள். ஆனால் அப்படி நிரப்பியது அன்றைய வலி ஆகாது. நேரத்தைத் தானே முத்திரை குத்தி வைக்கும் ஒரு சாதனம் கையிலேயே இருப்பதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் நிர்மிஷ் ஷா, ஜூட் ஜோனசெயின்ட் முதலியோர் "ஸ்மார்ட்" என்று பெயரிட்டுச் செய்த செயலி இந்த வகையைச் சேர்ந்தது. வலி எவ்வளவு, எங்கே, என்ன மருந்து சாப்பிட்டார், பயன் தெரிந்ததா என்பவற்றை நோயாளி அன்றன்றே பதிவார். வைத்தியர் அதைப் பார்க்கலாம். 2015-ல் வெளியான முதல் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 15 பேரே ஆதலால், அதனால் வலி குறைந்ததா என்று தீர்மானிக்க இயலாது. இப்படி ஒன்றை நோயாளிகள் விரும்பிக் கையாள்வார்கள் என்பதை மட்டும் அது காட்டிற்று. அதன் பின், மணிக்கட்டில் அணியும் கருவி அளந்து தரும் நாடித்துடிப்பையும் உடலசைவையும் இந்தப் பதிவுகளோடு இணைத்து, வலியின் அளவை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்றும் அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். பிட்ஸ்பர்க்கில் சார்லஸ் ஜோனசெயின்ட், வலியை எதிர்கொள்ளும் மனப்பயிற்சிகளைக் கைப்பேசி வழியாகவே வயது வந்தவர்களுக்குக் கற்பித்துச் சோதித்திருக்கிறார். இவையெல்லாம் இன்னும் இளம் பருவத்திலுள்ள முயற்சிகள். இவற்றை நம்பி மருந்தை விட்டுவிடலாம் என்று எவரும் சொல்லவில்லை.

குறைகளை மறைப்பதில் பயனில்லை. முதல் வாரத்தின் உற்சாகம் மூன்றாவது மாதத்தில் இருப்பதில்லை. செயலி எதுவானாலும் நாளாக ஆகப் பயன்படுத்துவோர் தொகை குறைந்துகொண்டே வருகிறது. அதைவிடத் தீவிரமான சங்கடம், வலி உச்சத்தை அடையும்போது விரலைத் தூக்கித் திரையைத் தொடுவதற்கும் ஒருவருக்குச் சக்தி இருப்பதில்லை என்பது. ஆகையால் பதிவில் காணும் வெற்றிடம் நல்ல நாளையும் குறிக்கலாம், மிக மோசமான நாளையும் குறிக்கலாம். அதைப் பார்க்கும் நர்ஸ் ஒருவர் உடனே போன் செய்து கேட்டால்தான் உண்மை தெரியும். ஜுரம் 101 டிகிரியைத் தாண்டினாலும், மார்பு வலித்து மூச்சுத் திணறினாலும், வாய் கோணிப் பேச்சுக் குழறினாலும் செயலியைத் திறந்துகொண்டு உட்காராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நல்ல செயலி இதைத் தன் முதல் பக்கத்திலேயே சொல்லும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே நம்பப்படுவாரா என்பது அடுத்த கேள்வி. வெளியே காயம் இல்லை, வீக்கம் இல்லை. வலிக்கு எக்ஸ்ரே கிடையாது. நோயாளியோ தமக்கு எந்த ஊசி, எத்தனை மில்லிகிராம் வேண்டுமென்று பெயர் சொல்லிக் கேட்கிறார். போதை மருந்துக்காக நடிக்கிறார் என்ற சந்தேகத்தோடு அவரைக் காக்கவைக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெடுங்காலமாக உண்டு. நோயாளிகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வமிசத்தினர் என்பதும் அந்தச் சந்தேகத்துக்குத் தூபம் போட்டது. வந்து அரைமணிக்குள் வலிக்கு மருந்து தர வேண்டுமென்று பிரிட்டனின் வழிகாட்டுதலும், ஒரு மணிக்குள் தர வேண்டுமென்று அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் விதிக்க நேர்ந்ததிலிருந்தே நடைமுறையை ஊகித்துக்கொள்ளலாம். 2019 ஏப்ரலில், வட லண்டனில் ஒரு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்த 21 வயது இளைஞர் ஒருவர், தம் கட்டிலில் படுத்தபடியே கைப்பேசியில் 999 என்ற அவசர எண்ணை அழைத்துப் பிராணவாயு கேட்டார். சுற்றிலும் நர்சுகளும் டாக்டர்களும் இருந்த ஒரு கட்டடத்துக்குள் இருந்துகொண்டு, உதவிக்கு அதுவொன்றே வழியென்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். உரிய காலத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்று 2021-ல் நடந்த மரண விசாரணை முடிவு கூறியது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் குழு வெளியிட்ட அறிக்கைக்கு "கேட்பார் யாருமில்லை" என்று பொருள்படும் தலைப்பை இட்டார்கள்.

அந்த இளைஞரிடமும் கைப்பேசி இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம், செயலியைப் பற்றி உயர்வாகப் பேசவரும் என் நாக்கு சற்றுத் தயங்குகிறது. ஆயினும், சிறப்பு வைத்தியர் எழுதிக் கொடுத்த வலி மருந்துத் திட்டமும், கடந்த அறுபது நாட்களில் வலி ஏறி இறங்கிய கோடும், மாத்திரை தவறாமல் சாப்பிட்டதற்கான பதிவும் ஒருவர் கையிலுள்ள திரையில் தெளிவாக இருக்குமானால், நடுநிசியில் முன்பின் தெரியாத டியூட்டி டாக்டரிடம் அவர் கெஞ்ச வேண்டிய அவசியம் குறையும் என்றே நம்புகிறேன். இவ்வளவு அந்தரங்கமான பதிவு யார் கையில் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் செயலியைச் செய்பவர்கள் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் முதலாளியும் எட்டிப் பார்க்கக்கூடிய நாட்குறிப்பில் எவரும் மனம்விட்டு எழுதமாட்டார்கள்.

இது ஏதோ கடல் கடந்த நோயென்று தமிழர்கள் எண்ணிவிடலாகாது. ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரியின் ஆதிவாசி மக்களிடையே இந்த அரிவாள் அணுக்கள் இருப்பதை 1952-லேயே கண்டு எழுதினார்கள். மலேரியா மிகுந்த பிரதேசங்களில் இந்தப் பிழையை ஒற்றையாகப் பெற்றவர்கள் அந்த ஜுரத்துக்கு எளிதில் பலியாவதில்லை என்று 1954-ல் ஆந்தனி அலிசன் ஆப்பிரிக்காவில் காட்டிய பிறகு, காட்டோரத்து மக்களிடையே அது நிலைத்து நின்ற காரணமும் விளங்கிற்று. பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் அது தொடர்கிறது. மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் 2023 ஜூலை முதல் தேதி தொடங்கிய தேசிய இயக்கம், 2047-க்குள் இந்நோயை ஒழிக்கும் லட்சியத்தோடு ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க முனைந்து, பரிசோதனை முடிவுகளைப் பதிய வலைத்தளமும் செயலியும் ஏற்படுத்தியிருக்கிறது. யாருக்கு நோய் உண்டு என்று எண்ணுவது அவசியமே. எண்ணி முடித்த பிறகு, நோய் உண்டென்று அட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன முப்பது வயதுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி, மார்கழிக் குளிரில் தண்ணீர் குடிக்க மறந்து, விடியற்காலையில் கால் எலும்பு பிளப்பதுபோல் வலித்து எழுந்திருக்கும்போது அவருக்குத் துணையாக வரும் ஒன்று இனித்தான் நம் மலைகளுக்கு வர வேண்டியிருக்கிறது.

அது அமெரிக்கச் செயலியின் தமிழாக்கமாக வருவதில் பயனில்லை. பணியர் வீட்டுக்குள் பேசும் பேச்சுக்கு எழுத்து இல்லை. பல மேடுகளில் சிக்னல் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பகலில் வேலைக்குப் போன ஒருவரிடம் இருக்கும். இந்த நிலையில், எழுத்தில்லாத ஒரு மனித உருவத்தின் படம் திரையில் தோன்ற வேண்டும். முழங்காலைத் தொட்டால் முழங்கால் சிவக்க வேண்டும், இன்னும் அழுத்தினால் இன்னும் சிவக்க வேண்டும். கேள்விகளைப் பழகிய குரல் ஒன்று அவர்கள் பாஷையிலேயே கேட்க வேண்டும். சிக்னல் கிடைக்கும்வரை எல்லாவற்றையும் தேதியும் மணியும் போட்டுத் தானே சேமித்து வைத்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறை அவர்கள் குடியிருப்பான பாடிக்கு ஏறிவரும் சுகாதாரப் பணியாளர், திண்ணையில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திறந்து, "செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த எடத்துல வலிச்சுதா அண்ணா?" என்று முழங்காலைத் தொட்டுக் கேட்க வேண்டும்.